வாசகர் கடிதம்: உப்பு விளக்கு, சாம்பிராணி, பையனோட மூக்கடைப்பு

வணக்கம் அக்கா,

மதுரைல இருந்து எழுதறேன். ரெண்டாவது மாடில ரெண்டு பெட்ரூம் வீடு. நான், வீட்டுக்காரர், மாமியார், 7 வயசுல ஒரு பையன். அவனுக்கு தினமும் காலைல எந்திரிச்சதும் அடுக்கடுக்கா தும்மல், மூக்கடைப்பு. மாசத்துக்கு ஒரு தடவையாவது இளைப்பு வந்துரும், டாக்டர் இன்ஹேலர் குடுத்திருக்காரு, எனக்கு அத குடுக்கவே பயமா இருக்கு. கெமிக்கல் எதுவும் வேணாம், இயற்கையான முறைல வீட்ட மாத்துவோம்னு ஆறு மாசமா முயற்சி பண்றேன்க்கா. உப்பு விளக்கு வாங்குனேன், டிஃப்யூசர்ல (தைல வாசத்த ரூம் பூரா பரப்பற கருவி) யூகலிப்டஸ் தைலம் ஊத்தி வெக்கிறேன், பெட்ரூம்ல நாலு தொட்டி ஸ்நேக் பிளான்ட் இருக்கு, செவ்வாய் வெள்ளி தவறாம சாம்பிராணி, கொசுவுக்கு மூலிகை சுருள்தான், சாதா சுருள் இல்ல. ஆறு மணியானா ஜன்னல் எல்லாம் சாத்திருவோம். ஒண்ணும் மாறல. ராத்திரி அவன் தூங்க மாட்டேங்குறான், நானும் தூங்கறதில்ல, காலைல ஆளாளுக்கு எரிஞ்சு விழறோம். இன்னும் என்னென்ன வாங்கணும்னு ஒரு லிஸ்ட் குடுங்கக்கா.

ஒரு வாசகி, மதுரை


அன்புத் தங்கச்சிக்கு,

மொதல்ல இன்ஹேலர். அத நிறுத்தாதீங்க. நான் டாக்டர் இல்ல, ஆனா இந்த ஒரு விஷயத்த அழுத்தி சொல்லணும், ஏன்னா உங்கள மாதிரி பயந்து பயந்து பாதி நாள் குடுத்து பாதி நாள் விட்ட அம்மாக்கள நெறைய பாத்திருக்கேன். இன்ஹேலர்ல வர்ற மருந்து நேரா நுரையீரலுக்கு போறதால மைக்ரோகிராம் கணக்குலதான் இருக்கும், அதே மருந்து மாத்திரையாவோ சிரப்பாவோ போனா அத விட பல மடங்கு குடுக்க வேண்டியிருக்கும். ஸ்பேசர் (இன்ஹேலர்ல மாட்டுற பிளாஸ்டிக் குழல்) வெச்சு குடுங்க, குடுத்ததும் வாய் கொப்பளிக்க வைங்க. குறைக்கறதோ நிறுத்தறதோ டாக்டர் சொல்லி நடக்கட்டும். இனிமே நான் எழுதற எல்லாமே அது கூட சேத்து செய்யறது, அதுக்கு பதிலா இல்ல.

இப்ப எங்கம்மா கதைய சொல்றேன், உங்க கடிதம் படிச்சதுல இருந்து அவங்க ஞாபகமாவே இருக்கு.

எங்கம்மா வாழ்க்கைல ஒரு பீடி தொட்டதில்ல. திண்டுக்கல் பக்கத்து கிராமம், ஓட்டு வீடு, அடுப்படில மேல ஒரு சின்ன புகைக்கூண்டு, அதுவும் பாதி அடைஞ்சு கெடக்கும். 30 வருஷம் விறகடுப்பு. சீமைக்கருவேல விறகு, தென்னமட்டை, வறட்டி. ஐப்பசி கார்த்திகைல ஈர விறக வெச்சுக்கிட்டு ஊதாங்குழல்ல ஊதி ஊதி கண்ணு ரெண்டும் செவந்துரும், நாங்க பக்கத்துல உக்காந்து படிச்சுட்டு இருப்போம், எங்களுக்கும் இருமல் வரும், அது சளின்னு சொல்லி தூதுவளை ரசம் வெச்சு குடுப்பாங்க அதே அடுப்புல. 58 வயசுல அம்மாவால பத்து படி ஏற முடியல. டாக்டர் ஊதிப்பாக்குற டெஸ்ட் எடுத்துட்டு சிஓபிடின்னாரு, மூச்சுக்குழாய் நாள்பட நாள்பட அடைச்சுக்கற நுரையீரல் நோய், அது சிகரெட் குடிக்கிறவங்களுக்கு வர்ற நோயாச்சேன்னு நான் கேட்டேன். அவரு எங்கம்மாவ பாத்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டாரு, "எந்த அடுப்புலம்மா சமைச்சீங்க?"

விறகு, தென்னமட்டை, வறட்டி. இதுல எதும்மா கெமிக்கல்? எல்லாமே மண்ணுல விளைஞ்சது, மாடு குடுத்தது. ஆனா எரிஞ்சா புகைதான், அந்தப் புகைல இருக்கற நுண்துகள் தலைமுடி தடிமன்ல முப்பதுல ஒரு பங்கு கூட வராது, மூக்குல இருக்கற ரோமம் அத புடிச்சு நிறுத்தாது, நேரா நுரையீரலோட அடி ஆழம் வரைக்கும் போயி உக்காந்துக்கும். இப்படி வீட்டுக்குள்ள எரிக்கிற புகையால 2020ல மட்டும் உலகத்துல 32 லட்சம் பேர் செத்துருக்காங்கன்னு உலக சுகாதார நிறுவனம் கணக்கு சொல்லுது. எங்கம்மா மாதிரி மூச்சு வாங்கிக்கிட்டே உயிரோட இருக்கறவங்க அந்த கணக்குல வரமாட்டாங்க.

உங்க கடிதத்துல இன்னும் என்ன வாங்கணும்னு கேட்டிருக்கீங்க. அந்த டாக்டர் கேட்ட மாதிரி நானும் ஒண்ணு கேக்கறேன், வீட்டுக்குள்ள என்னென்ன எரியுது? ஆறு மணிக்கு ஜன்னல சாத்தறீங்க. அப்பறம் சுருள் கொளுத்தறீங்க. செவ்வாய் வெள்ளின்னா சாம்பிராணி, அநேகமா ஊதுபத்தியும் கற்பூரமும் தினமும் இருக்கும், நீங்க எழுதல. அப்பறம் ராத்திரி தோசை, தாளிப்பு. இவ்வளவும் வெளிய போக வழி இல்லாத ஒரு வீட்டுல, அதுக்கு நடுவுல உங்க பையன்.

கொசுவத்தி சுருள பத்தி 2003ல வந்த ஒரு ஆய்வு இருக்கு, மலேசியா சீனா சுருள்கள எடுத்து சோதிச்சாங்க. ஒரே ஒரு சுருள் முழுசா எரிஞ்சு முடியறப்ப வர்ற நுண்துகள் 75ல இருந்து 137 சிகரெட் எரிஞ்சா வர்றதுக்கு சமம்னு சொன்னாங்க. அத படிச்ச அன்னைக்கு நான் எங்க வீட்டு சுருள் டப்பாவ தூக்கி போட்டேன். மூலிகை சுருள்னா வேற இல்லையாக்கான்னு கேப்பீங்க. சுருளோட உடம்பே மரத்தூளு, சிரட்டைத்தூளு மாதிரி மெதுவா கனன்று எரியற பொருள்தான், அதுல வேப்பிலை கலந்தாலும் நொச்சி கலந்தாலும் எரியறது எரியத்தான் செய்யும். இன்னொண்ணு தெரியுமா, ஜப்பான்ல 1890கள்ல மொத மொதல்ல கொசுவத்தி செஞ்சப்ப அதுல போட்ட மருந்தே பைரெத்ரம்ங்கற சாமந்தி குடும்பத்து பூவோட பொடிதான். இயற்கைன்னு பாத்தா அதுவும் இயற்கைதான்.

சரி, கொசுவுக்கு என்ன பண்றது? வலை. ஜன்னலுக்கு வலை அடிக்கறது, படுக்கைக்கு கொசுவலை கட்டறது, இது ரெண்டும்தான் எனக்கு தெரிஞ்சு முழுசா இயற்கையான கொசு மருந்து. வெல்க்ரோ வெச்ச வலை இப்ப எல்லா ஊர்லயும் கெடைக்குது, கழட்டி துவைக்கலாம், வாடகை வீட்டுக்கும் சரியா வரும். வலை போட்டா ஆறு மணிக்கு ஜன்னல சாத்த வேண்டிய அவசியமே இல்ல, இதுதான் எனக்கு முக்கியம். பகல் பூரா வெயில் அடிச்ச ஊர்ல சாயங்காலம்தான் கொஞ்சம் காத்து வரும், அந்த நேரம் பாத்து நாம கதவ அடைச்சுக்கறோம், சமையல் புகையும் அப்பதான், எல்லாம் உள்ளயே சுத்துது.

அதோட வாரம் ஒரு நாள் ஞாயித்துக்கெழமைன்னு வெச்சுக்கிட்டு வீட்டுல தண்ணி தேங்கற எடத்த எல்லாம் கவுத்துருங்க. டெங்கு கொசு நல்ல தண்ணிலதான் முட்டை போடும், முட்டைல இருந்து கொசுவா பறக்க ஒரு வாரம் பத்து நாள் போதும், அதனாலதான் வாரம் ஒரு தடவைங்கற கணக்கு. சும்மா ஊத்திட்டா பத்தாது, டிரம்மோட உள்பக்க சுவத்த தேய்ச்சு கழுவணும், முட்டை அங்க ஒட்டிக்கிட்டு மாசக்கணக்குல காய்ஞ்சு கெடந்து மறுபடி தண்ணி பட்டதும் பொரியும். பிரிட்ஜுக்கு பின்னாடி இருக்கற தட்டு, ஏசி தண்ணி விழுற பக்கெட், அப்பறம் உங்க ஸ்நேக் பிளான்ட் தொட்டிக்கு அடில வெச்சிருக்கற தட்டு. அத முக்கியமா பாருங்க.

செடிய பத்தி சொல்லிட்டேன் இல்ல, அதையும் முடிச்சுருவோம். செடி காத்த சுத்தம் பண்ணும்ங்கற நம்பிக்கை 1989ல நாசா பண்ணுன ஒரு ஆய்வுல இருந்து வந்தது. ஆனா அது சின்ன மூடுன பெட்டிக்குள்ள செடிய வெச்சு பாத்தது. அந்த மாதிரி ஆய்வுகள எல்லாம் 2019ல அமெரிக்காவுல ட்ரெக்சல் யுனிவர்சிட்டில ரெண்டு பேரு திரும்ப கணக்கு போட்டாங்க, சாதாரணமா ஒரு கட்டடத்துல காத்து மாறுறது என்ன பண்ணுதோ அத செடி பண்ணணும்னா ஒரு சதுர மீட்டருக்கு 10ல இருந்து 1000 செடி வேணும்னு வந்துச்சு. 10க்கு 12 அடி பெட்ரூம்னா கொறஞ்சது 110 தொட்டி. பச்சையா இருக்கறது கண்ணுக்கு நல்லா இருக்கு, மனசுக்கும் நல்லாருக்கு, வெச்சுக்கோங்க. ஆனா பையனோட மூச்சுக்கு அத நம்பாதீங்க.

உப்பு விளக்கும் அப்படித்தான், அழகான வெளிச்சம், அவ்வளவுதான். பல்பு சூட்டுல உப்பு உடைஞ்சு காத்துல கலக்கற வேலையெல்லாம் நடக்காது.

டிஃப்யூசர மட்டும் இன்னைக்கே நிறுத்துங்க. யூகலிப்டஸ், கற்பூரம், மெந்தால் இதெல்லாம் மூக்கு திறந்த மாதிரி ஒரு உணர்ச்சிய குடுக்கும், அளந்து பாத்தா உள்ள அடைப்பு அப்படியேதான் இருக்கும். இளைப்பு இருக்கற புள்ளைக்கு அந்த காட்டமே மூச்சுக்குழாய தூண்டி விட்டுரலாம். அந்த தைல பாட்டில கை எட்டாத எடத்துல பூட்டி வைங்க, சின்ன புள்ளைங்க கொஞ்சம் குடிச்சாலே வலிப்பு வர்ற அளவுக்கு விஷம் அது.

காலைல எந்திரிச்சதும் அடுக்கடுக்கா தும்மல்னு எழுதிருக்கீங்கல்ல, அதுக்கு நான் மெத்தைய சந்தேகப்படறேன். மெத்தை தலகாணிக்குள்ள கண்ணுக்கு தெரியாத ஒரு பூச்சி இருக்கும், தூசிப்பூச்சி, நம்ம தோல்ல இருந்து உதிர்ற செதில தின்னுதான் உயிர் வாழும், அதோட கழிவுதான் தும்மல கெளப்புது. நம்ம பாட்டிங்க இலவம்பஞ்சு மெத்தைய மொட்டை மாடில வெயில்ல போட்டு கம்பால அடிச்சது சும்மா இல்ல. வெயில்ல நல்லா காஞ்சு சூடானா பூச்சி சாகும், அடிச்சா கழிவு தூசியா போகும். இப்ப ஃபோம் மெத்தைய வாங்கி போட்டுட்டு பத்து வருஷம் அசைக்கறதே இல்ல. உங்க ஊரு சித்திரை வெயில விட நல்ல மருந்து இதுக்கு கெடையாது, தலகாணி, பெட்ஷீட், அவன் கட்டிப்புடிச்சு தூங்கற பொம்மை இருந்தா அதையும் சேத்து மாடிக்கு கொண்டு போங்க. பெட்ஷீட், தலகாணி உறை வாரம் ஒருக்கா நல்ல சுடுதண்ணில துவைக்கணும், கை பொறுக்கற சூடு பத்தாது, 60 டிகிரி கிட்ட இருக்கணும். அடிக்கறப்ப பையன் பக்கத்துல நிக்க வேணாம்.

கிச்சன்ல எக்ஸாஸ்ட் ஃபேன் இருந்தா அடுப்பு பத்த வெக்கறதுக்கு முன்னாடியே போடுங்க, சமைச்சு முடிச்சும் ஒரு பத்து நிமிஷம் ஓடட்டும். ஏசி போட்டு தூங்கறீங்களான்னு எழுதல, போட்டா ஒண்ணு தெரிஞ்சுக்கோங்க, ஸ்ப்ளிட் ஏசி வெளிக்காத்த உள்ள கொண்டு வராது, ரூம்ல இருக்கற காத்தையே திரும்ப திரும்ப குளிர வெச்சு விடும். மூணு பேரு கதவ சாத்திட்டு ராத்திரி பூரா மூச்சு விட்டா வெளிய 420 சொச்சம் பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காத்துல இத்தனை பங்கு) இருக்கற கார்பன் டை ஆக்சைடு உள்ள 1000ஐ சுலபமா தாண்டிரும், காலைல தல பாரமா எந்திரிக்கறதுக்கு அதுவும் ஒரு காரணமா இருக்கலாம். கதவ ஒரு சாண் திறந்து வெச்சாலே வித்தியாசம் தெரியும்.

மிச்சம் இருக்கறது சாம்பிராணி. இதுதான் கஷ்டம், எனக்கு தெரியும். நமக்கு புள்ளைய குளிப்பாட்டி தலைக்கு சாம்பிராணி காட்டுன நாள்ல இருந்து அந்த வாசம்தான் வீடு. என் மூக்குக்கும் அந்த வாசம் அம்மா வாசம்தான். மாமியார்கிட்ட நிறுத்துங்கன்னு சொல்லிராதீங்க, அவங்க மனசு நொந்துரும், அது சண்டையா போயிரும். பேரன் மூச்சு விட கஷ்டப்படறத பாத்து அவங்களும்தான் ராத்திரி முழிச்சிருப்பாங்க. "அத்தை, டாக்டர் புகை ஆகாதுன்னு சொல்லிருக்காரு, ஒரு மாசம் மட்டும் பாப்போமா"ன்னு கேளுங்க, அடுத்த தடவை டாக்டர்கிட்ட போறப்ப அவங்களையும் கூட்டிட்டு போயி அவரு வாயாலயே கேக்க வைங்க. வெளக்கு ஏத்தட்டும், பூ போடட்டும், மதுரைல இருந்துக்கிட்டு மல்லிப்பூ வாசத்துக்கு பஞ்சமா. போட்டே ஆகணும்னா பையன் ஸ்கூலுக்கு போன பெறகு, எல்லா ஜன்னலும் திறந்து, கம்ப்யூட்டர் சாம்பிராணி ஒண்ணே ஒண்ணு, அவன் வர்றதுக்குள்ள வாசம் போயிரணும்.

எரிஞ்சு விழறோம்னு எழுதுனீங்கல்ல, அதுக்கு தனியா வைத்தியம் எதுவும் நான் சொல்லப்போறதில்ல. ஆறு மாசமா சரியா தூங்காத நாலு பேரு ஒரு வீட்டுல இருந்தா எரிஞ்சு விழத்தான் செய்வாங்க, அதுல யாரு மேலயும் தப்பில்ல. பையன் மூச்சு சீராச்சுன்னா அவன் தூங்குவான், அவன் தூங்குனா நீங்க தூங்குவீங்க. அதுவரைக்கும் ராத்திரி முழிக்கற முறைய வீட்டுக்காரரோட பங்கு போட்டுக்கோங்க, ஒரு நாள் நீங்க ஒரு நாள் அவரு. இத கேக்க தயங்காதீங்க, எங்கம்மா யாருகிட்டயும் எதையும் கேக்காமயே இருந்துட்டாங்க.

லிஸ்ட் கேட்டீங்க, என்கிட்ட இருக்கற லிஸ்ட்ல வாங்கறதுக்கு ஒண்ணுதான் இருக்கு, அந்த ஜன்னல் வலை. ஆள் வந்து அளவெடுக்கறப்ப பெட்ரூம் ஜன்னலோட நிறுத்திராம கிச்சன் ஜன்னலுக்கும் சேத்து எடுக்க சொல்லுங்க, அதத்தான் எல்லாரும் விட்டுருவாங்க. ஒரு மாசம் கழிச்சு பையன் எப்படி இருக்கான்னு எனக்கு எழுதுங்க தங்கச்சி.

அன்போட,
அக்கா