பழைய ஸ்காட்லாந்தில் காரணமின்றிச் சிறையில் அடைக்கப்பட்டவர் நீதி பெற வழி இருந்ததா?

இருந்தது. பலரும் ஆட்கொணர்வு மனுவைச் சொல்வார்கள். ஆனால் 1679-ஆம் ஆண்டின் ஆட்கொணர்வுச் சட்டம் இங்கிலாந்துக்குரியது, ஸ்காட்லாந்தில் செல்லாது. ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் 1701-இல் தனிச் சட்டமே இயற்றியது. அதன்படி, காரணத்தைக் குறிப்பிட்டுக் கையெழுத்திட்ட ஆணை இல்லாமல் ஒருவரை விசாரணைக்காகச் சிறையில் வைக்க முடியாது. அந்த ஆணையின் நகலைச் சிறைக்காவலர் கைதியிடம் கொடுத்தாக வேண்டும். அந்த ஒற்றைத் தாள்தான் கைதியின் ஆயுதம். அதை வைத்து அவர் மனுச் செய்தால், 60 நாட்களுக்குள் விசாரணைக்கு நாள் குறிக்க வேண்டும். தவறினால் விடுதலை கேட்கலாம்.

அநியாயமாக அடைத்தவர் அபராதமும் கட்ட வேண்டும். தொகையில்தான் வேடிக்கை: அடைபட்டவர் பிரபு என்றால் 6,000 ஸ்காட்டிஷ் பவுண்டு, சாமானியர் என்றால் வெறும் 400!