காப்பீட்டு நிறுவனமா, பேஸ்பால் குழுவா: கிளீவ்லாந்தில் உள்ள ஒரு தாய்க்கு எழுதிய பதில்

அன்புள்ள சகோதரிக்கு,

வணக்கம். உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். புள்ளியியல் பட்டப்படிப்பின் கடைசி ஆண்டில் இருக்கும் உங்கள் மகளுக்குக் காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் நிரந்தர வேலை கைக்கு எட்டியிருக்கும்போது, வருவாய் குறைந்த ஒரு பேஸ்பால் குழுவில் ஓராண்டுப் பயிற்சிப் பணிக்குத்தான் போவேன் என்று அவள் பிடிவாதமாக நிற்கிறாள் என எழுதியிருக்கிறீர்கள். பந்து விளையாடுகிறவர்களிடம் கணக்குப் படித்த பெண்ணுக்கு என்ன வேலை என்பது உங்கள் கேள்வி. பணமில்லாத குழு அவளுக்கு எதைத் தந்துவிடப் போகிறது என்பது அதைவிடப் பெரிய கவலை. இரண்டும் நியாயமானவையே. ஆனால் அப்படிப்பட்ட குழு எப்படிப் பிழைக்கிறது என்று தெரியாமல் அவளுடைய வேலையை எடைபோட முடியாது. இருபது ஆண்டுகளாக நீங்கள் காரில் கடந்து போகும் மைதானத்தின் கார்டியன்ஸ் குழுவையே எடுத்துக்கொண்டு சொல்கிறேன்.

முதல் நிலைப் பேஸ்பாலில் 30 குழுக்கள் இருக்கின்றன. வீரர்களின் மொத்தச் சம்பளத்துக்கு இங்கே உச்சவரம்பு கிடையாது; 2025 கணக்கில் 24.1 கோடி டாலரைத் தாண்டிய குழு அபராத வரி கட்ட வேண்டும், அவ்வளவுதான். லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸ் 25 ஆண்டு ஒளிபரப்பு உரிமையை 835 கோடி டாலருக்கு விற்ற குழு; அதனால் வரியையும் கட்டிவிட்டு வீரர்களையும் வாங்க அதற்கு முடிகிறது. கார்டியன்ஸின் ஆட்டங்களைக் காட்டிவந்த தொலைக்காட்சி நிறுவனமோ 2023-இல் திவால் மனு கொடுத்தது. 2025 முதல் லீக் நிர்வாகமே அந்த ஒளிபரப்பை ஏற்று நடத்துகிறது. ஒவ்வொரு குழுவின் உள்ளூர் வருவாயிலும் 48 விழுக்காடு பொதுக் குவியலுக்குப் போய் எல்லோருக்கும் சமமாகப் பங்கிடப்படுவதால் ஏழைக் குழு மூழ்கிவிடுவதில்லை, ஆனால் பணக்காரக் குழுவோடு ஏலத்தில் போட்டியிடும் நிலைக்கும் வருவதில்லை. (வருவாய் குறைவைச் சாக்காகச் சொல்லிப் பங்குப் பணத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்கிறார்கள் என்று சில குழுக்கள்மீது 2018-இல் வீரர் சங்கமே முறையிட்டது. அந்தச் சந்தேகம் எனக்கும் உண்டு.)

ஏலத்தில் வெல்ல முடியாதவர்கள் காலத்தை வைத்துத்தான் கணக்குப் போடுகிறார்கள். ஒரு வீரர் முதல் நிலைக்கு வந்த பிறகு ஆறு ஆண்டுப் பணி முடிக்கும்வரை விரும்பிய குழுவுக்குப் போக முடியாது. முதல் நிலை ஆட்டப் பட்டியலில் 172 நாள் இருந்தால் அது ஓராண்டுப் பணி. பெரும்பாலோருக்கு முதல் மூன்று ஆண்டுகளில் குறைந்தபட்சச் சம்பளத்தை ஒட்டிய தொகையே கிடைக்கும். 2025-இல் அது 7,60,000 டாலர். அடுத்த மூன்று ஆண்டுகளில் பேச்சுவார்த்தையாலோ நடுவர் தீர்ப்பாலோ சம்பளம் படிப்படியாக ஏறும். ஆறு முடிந்தால் சந்தை விலை. ஆகவே சிறிய குழுவுக்கு ஒரு நட்சத்திர வீரர் என்பவர் கெடு எழுதிய சொத்து. கெடு முடியும்வரை வைத்திருந்தால் நன்றாக விளையாடித் தருவார், பிறகு கிட்டத்தட்ட வெறுங்கையோடு விட்டுவிட்டுப் போவார். முன்கூட்டியே கைமாற்றினால் ரசிகர்களின் வசை கிடைக்கும், கூடவே அடுத்த ஆறு ஆண்டுக் கெடுவோடு வேறு இளைஞர்கள் கிடைப்பார்கள்.

ஃபிரான்சிஸ்கோ லிண்டோர் விஷயத்தில் நடந்தது இதுதான். உங்கள் ஊரே கொண்டாடிய அந்த வீரரை, ஆறாம் ஆண்டுக்கு முந்தைய குளிர்காலத்தில், 2021 ஜனவரியில், நியூயார்க் மெட்ஸுக்குக் கொடுத்துவிட்டார்கள். மெட்ஸ் அவருக்கு 10 ஆண்டுகளுக்கு 34.1 கோடி டாலர் எழுதிக் கொடுத்தது. பதிலுக்கு வந்த நால்வரில் ஒருவர் ஆண்ட்ரெஸ் ஹிமெனெஸ். அடுத்த ஆண்டே, அந்தப் பருவத்தின் சிறந்த வீரர்கள் ஆடும் ஆல் ஸ்டார் ஆட்டத்துக்குத் தேர்வானார். அவருக்கு 2023-இல் 7 ஆண்டுகளுக்கு 10.65 கோடி டாலர் என்று ஒப்பந்தம் போட்டு, சம்பளம் பெரிதாக ஏறுவதற்கு முன்பே, 2024 டிசம்பரில், டொரன்டோவுக்கு அனுப்பிவிட்டார்கள். இதற்கெல்லாம் விதிவிலக்காக நிற்பவர் ஹோசே ராமிரெஸ். 50,000 டாலருக்கு டொமினிகன் குடியரசிலிருந்து எடுக்கப்பட்ட அவர், வெளியே இன்னும் எவ்வளவோ கிடைக்கும் என்று தெரிந்தே, 2022-இல் 7 ஆண்டுகளுக்கு 14.1 கோடி டாலர் போதும் என்று கிளீவ்லாந்திலேயே தங்கினார். எந்த அட்டவணையிலும் அடங்காத முடிவு அது. உங்கள் மகளுக்கும் அப்படியொரு முடிவு எடுக்கும் உரிமை உண்டு என்பதற்காக இதைச் சொல்லி வைக்கிறேன்.

இனி அவளுடைய வேலைக்கு வருகிறேன். ஒவ்வொரு குழுவும் 40 பேரைக் கொண்ட ஒரு பட்டியல் வைத்திருக்கும். பயிற்சி நிலை லீக்குகளில் குறிப்பிட்ட ஆண்டுகளைக் கழித்த இளைஞரை நவம்பர் நடுவுக்குள் அந்தப் பட்டியலில் ஏற்ற வேண்டும். ஏற்றாவிட்டால் டிசம்பரில் வேறு எந்தக் குழுவும் ஒரு லட்சம் டாலர் கட்டி அவரை எடுத்துக்கொள்ளலாம். 2021 நவம்பரில் டாம்பா பே ரேஸிடம் பட்டியல் நிரம்பி வழிந்தது. அதுவும் கிளீவ்லாந்தைப் போலவே கையை இறுக்கிச் செலவு செய்யும் குழுதான். டோபியாஸ் மையர்ஸ் என்ற பந்துவீச்சாளரை ஏற்ற அவர்களுக்கு இடமில்லை. சும்மா இழக்கவும் மனமில்லை. கிளீவ்லாந்து அவரை வாங்கித் தன் பட்டியலில் ஏற்றிக்கொண்டு, பதிலுக்கு 18 வயதுப் பையன் ஒருவனைக் கொடுத்தது. அவன் பயிற்சி நிலையின் அடிப்படியான டொமினிகன் கோடை லீக்கில் மட்டுமே ஆடியிருந்தான். அவனை ரேஸ் இன்னும் பல ஆண்டுகளுக்குப் பட்டியலில் ஏற்றத் தேவையில்லை என்பதே அவனுடைய முதல் கவர்ச்சி.

அந்தப் பையன் ஜூனியர் கமினெரோ. 2025-இல் ரேஸுக்காக 45 ஹோம் ரன் (கிரிக்கெட் சிக்ஸரைப் போன்றது) அடித்தார். மையர்ஸ் 2022-இல் கிளீவ்லாந்தின் பயிற்சி நிலைக் குழுவுக்காக இங்கே கொலம்பஸில் பந்து வீசியதை நானே மைதானத்தில் இருந்து பார்த்தேன். அன்றைக்கு நன்றாக அடி வாங்கினார். அந்த ஆண்டு முடிவதற்குள் கிளீவ்லாந்து அவரைக் கைவிட்டது. பிறகு மில்வாக்கியில் 2024-இல் அவர் மிக நன்றாகவே வீசினார் என்பதையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் அவருக்கு அநியாயம் செய்தவன் ஆவேன்.

கிளீவ்லாந்து முட்டாள்தனம் செய்துவிட்டது என்று காட்டுவதற்காக இதை எடுத்துச் சொல்லவில்லை. முதல் நிலைக்கு நெருங்கிவிட்ட ஒருவரையும், எங்கோ தொலைவில் இருக்கும் ஒருவனையும் ஒரே தராசில் வைப்பது யாருக்கும் கடினம். ஆனால் அந்தக் கெடு நாளுக்கு முன் இரு அலுவலகங்களிலும் யாரோ சிலர் உட்கார்ந்து, அந்தப் பையன் மட்டை சுழற்றும் வேகம் என்ன, பந்து மட்டையை விட்டுக் கிளம்பும் வேகம் என்ன, அதே வயதில் அதே எண்களைக் காட்டிய மற்றவர்கள் பின்னால் என்ன ஆனார்கள் என்று கணக்கிட்டு, மேலே இருப்பவர்களுக்கு எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். அப்படி எழுதுகிற மேசைகளில் ஒன்றுதான் உங்கள் மகளுக்குக் கிடைத்திருக்கிறது. பணக்காரக் குழு இப்படியொரு கணக்கில் தவறினால் மறு ஆண்டே இன்னொருவரை விலைக்கு வாங்கித் தவறை மறைத்துவிடும். சிறிய குழுவால் அது முடியாது; ஆகவே அங்கே கணக்குப் போடுகிறவரின் பேச்சைக் காது கொடுத்துக் கேட்கிறார்கள். இருபத்திரண்டு வயதில் இப்படியொரு இடம் அவளுக்குக் காப்பீட்டு நிறுவனத்தில் கிடைக்குமா என்றால், உண்மையாகவே கிடைக்காது என்பதுதான் என் எண்ணம்.

வீரர்களை வளர்த்தெடுக்கும் வேலையும் அவள் கைக்கு வரலாம். கிளீவ்லாந்தின் பயிற்சி நிலைக் குழுக்கள் என்ற ஏணியை நீங்கள் காரிலேயே போய்ப் பார்த்துவிடலாம்: உங்கள் வீட்டுக்குக் கிழக்கே ஈஸ்ட்லேக், தெற்கே ஆக்ரன், அதற்கப்பால் எங்கள் கொலம்பஸ். பத்து சென்டுக்கு ஹாட் டாக் விற்கும் இரவுகளில் ஆட்டத்தைவிடத் தின்பண்ட வரிசைதான் நீளமாக இருக்கும். ஆனால் களத்தில் நிற்கும் பையன்களுக்கு அது வாழ்வா சாவா என்ற இரவு. 2023-இல் சங்க ஒப்பந்தம் வந்த பிறகுதான் கொலம்பஸ் நிலை வீரரின் குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் 17,500 டாலரிலிருந்து 35,800 ஆனது என்பது பலருக்குத் தெரியாது.

ஷேன் பீபர் இந்த ஏணியில் ஏறியவர். குழுக்கள் முறைவைத்துப் புது வீரர்களை எடுக்கும் ஆண்டுத் தேர்வில், 2016-இல் நான்காம் சுற்றில், 122-ஆவது ஆளாக எடுக்கப்பட்டார். துல்லியம் இருந்தது, வேகம் இல்லை. வேகத்தை ஓரளவு கூட்டிக் கொடுக்க முடியும், துல்லியத்தைக் கற்றுக்கொடுப்பது அதைவிடக் கடினம் என்று கிளீவ்லாந்து நம்பியது. 2020-இல் அமெரிக்கன் லீக்கின் மிகச் சிறந்த பந்துவீச்சாளருக்கான சை யங் விருதை எல்லா வாக்குகளையும் பெற்று அவர் வென்றார். 2022-இல் லீக்கிலேயே மிக இளைய குழுவாக இருந்த கார்டியன்ஸ் 92 ஆட்டங்களை வென்று தன் பிரிவில் முதலிடம் பிடித்தது. இருந்தும் 1948-க்குப் பிறகு அந்தக் குழு இறுதிப் போட்டியான உலகத் தொடரின் பட்டத்தை வென்றதில்லை. நீண்ட பருவத்தைக் கடத்த உதவும் கணக்கு இறுதிச் சுற்றின் ஏழு ஆட்டங்களுக்கு எடுபடாமல் போகிறது என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களை மறுக்க என்னிடம் வலுவான சான்று இல்லை.

இப்போது நீங்கள் கேட்க விரும்பாத பகுதி. வீரர்களை நடத்தும் விதத்திலேயேதான் இந்தக் குழுக்கள் அலுவலர்களையும் நடத்துகின்றன. இளமையாக எடுத்து, குறைவாகக் கொடுத்து, நிறையக் கற்றுக்கொடுத்து, விலை ஏறியதும் போகவிடுகின்றன. அப்படிப் போனவர்கள் கெட்டுப்போகவில்லை என்பதையும் பாருங்கள். கிளீவ்லாந்தில் தேறிய மார்க் ஷாபிரோ 2015-இல் டொரன்டோவின் தலைமைக்கும், டெரெக் ஃபால்வி 2016-இல் மினசோட்டாவின் தலைமைக்கும், கார்ட்டர் ஹாக்கின்ஸ் 2021-இல் சிகாகோ கப்ஸின் பொது மேலாளர் பதவிக்கும் போனார்கள். டாம்பாவை நடத்திய ஆண்ட்ரூ ஃப்ரீட்மன் 2014 முதல் டாட்ஜர்ஸை நடத்துகிறார். பெண்ணுக்கு அங்கே எதிர்காலம் உண்டா என்று நீங்கள் கேட்டதற்கு, பயிற்சிப் பணியில் தொடங்கிய கிம் எங் 2020-இல் மயாமி மார்லின்ஸின் பொது மேலாளரானார் என்பதே பதில்; அந்தப் பதவியில் அமர்ந்த முதல் பெண் அவர். அதற்கு அவருக்கு ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் பிடித்தன என்பதும் அந்தப் பதிலில் சேர்ந்ததே.

ஆகவே இந்த வாய்ப்பை ஒரு தொழிற்பயிற்சியாக எண்ணி, கெடு வைத்துக்கொண்டு ஏற்கலாம் என்பது என் ஆலோசனை. ஓராண்டு முடிவில் நிரந்தரப் பணி கிடைக்காவிட்டால் திரும்பிவிட வேண்டும். கிடைத்தால் மூன்று நான்கு ஆண்டுகள் இருந்து, தன் விலை என்னவென்று வெளியே கேட்டுப் பார்க்க வேண்டும். சென்ற ஆண்டுகளில் பயிற்சிப் பணியாளராக எடுக்கப்பட்டவர்களில் எத்தனை பேர் இன்னும் அங்கே இருக்கிறார்கள், அவள் எழுதும் அறிக்கையை முடிவெடுக்கும் இடத்தில் இருப்பவர் நேரடியாகப் படிப்பாரா, மருத்துவக் காப்பீடு முதல் நாளிலிருந்தே உண்டா என்ற மூன்றையும் அவள் எழுத்தில் கேட்டு வாங்கட்டும். வீரர் சங்கத்துடனான ஒப்பந்தம் 2026 டிசம்பர் 1 அன்று முடிவதால், அதன் பிறகு ஆட்டங்கள் தடைப்பட்டால் பயிற்சிப் பணி என்ன ஆகும் என்றும் கேட்க வேண்டும். 2020-இல் பயிற்சி நிலை லீக்குகளின் பருவமே ரத்தானபோது பல குழுக்களில் முதலில் வேலை இழந்தவர்கள் கீழ்நிலை அலுவலர்கள்தான்.

திறமையைப் பொறுத்தவரை ஆர், பைத்தான், எஸ்கியூஎல் என்ற கணினி மொழிகள் மூன்றும் அவளுக்குப் பழக்கம் என்று எழுதியிருந்தீர்கள். இரு வேலைகளுக்கும் அவை பொதுவானவை என்பதால் அந்த ஓராண்டு வீணாகாது. பேஸ்பால் சவன்ட் தளத்தில் ஒவ்வொரு பந்தின் வேகமும் சுழற்சியும் இலவசமாகக் கிடைக்கின்றன. சேருவதற்கு முன் அதை வைத்து ஒரு சிறிய ஆய்வையாவது முடித்து வைத்திருந்தால் முதல் மாதத்திலேயே அவள் பெயர் தெரியவரும். ஸ்பானிய மொழியை இப்போதே தொடங்கச் சொல்லுங்கள். கமினெரோவையும் ராமிரெஸையும் போன்றவர்களிடம் அவள் கணக்கு போய்ச் சேருவது அந்த மொழியில்தான்.

நேரத்தைப் பற்றியும் நீங்கள் மனத்தைத் தயார் செய்துகொள்ள வேண்டும். பருவத்தில் 162 ஆட்டங்கள். ஈஸ்டரை ஒட்டி உங்கள் ஊரில் நடக்கும் தியாகராஜ ஆராதனை பருவத் தொடக்கத்தோடு மோதும். அவள் பாடுவாள் என்று எழுதியிருந்தீர்கள், அடுத்த ஆண்டு பாட மாட்டாள். ஜூலை கடைசியிலோ ஆகஸ்ட் தொடக்கத்திலோ வீரர் பரிமாற்றத்துக்கான கெடு, நவம்பரில் 40 பேர் பட்டியலுக்கான கெடு. இரண்டுக்கும் முந்தைய வாரங்களில் தொலைபேசியை எடுக்கவில்லை என்று கோபித்துக்கொள்ளாதீர்கள்.

கடைசியாக ஒன்று, இதை இந்த வாரமே செய்தாக வேண்டும். வேலையை மறுத்துக் கடிதம் அனுப்புவதற்கு முன், சேரும் தேதியை ஓராண்டு தள்ளிவைக்க இடமுண்டா என்று காப்பீட்டு நிறுவனத்தைக் கேட்கச் சொல்லுங்கள். ஆளைப் பிடித்துப்போயிருந்தால் சில நிறுவனங்கள் ஒப்புக்கொள்கின்றன. மறுத்தாலும் கேட்டதற்காக யாரும் கோபிக்கப்போவதில்லை. அவர்கள் என்ன சொன்னார்கள் என்று தெரிந்ததும் எனக்கு எழுதுங்கள். குழுவின் ஒப்பந்தக் கடிதத்தையும் கூடவே அனுப்பினால், அவள் கையெழுத்துப் போடுவதற்கு முன் வரிவரியாகப் பார்த்துச் சொல்கிறேன்.