ஸ்கேனில் ஒன்றுமில்லை, வலி மட்டும் போகவில்லை

கேள்வி: எனக்கு வயது 39. எடை குறைப்பதற்காக 14 மாதங்களுக்கு முன் பைபாஸ் ஆபரேஷன் செய்துகொண்டேன். 112 கிலோ இருந்தவள் இப்போது 74 கிலோ. இன்சுலின் போடுவதும் நின்றுவிட்டது. ஆனால் 5 மாதங்களாக இடது விலாவுக்குக் கீழே வலி வந்து வந்து போகிறது. சாப்பிட்ட அரை மணி நேரத்தில் பிடித்து இழுக்க ஆரம்பித்து முதுகு வரை போகும். ஒரு மணி, இரண்டு மணி நேரம் படுத்திவிட்டு, வந்த சுவடே தெரியாமல் அடங்கிவிடும். அல்ட்ராசவுண்ட், எண்டோஸ்கோபி, சி.டி. ஸ்கேன் எல்லாம் எடுத்தாயிற்று. எல்லாமே நார்மல். ‘கேஸ்தான், மனசைப் போட்டுக் குழப்பிக்காதீங்க’ என்கிறார்கள். மெடிக்கலில் வலி மாத்திரை வாங்கிப் போட்டுச் சமாளிக்கிறேன். ‘நல்லா இருந்த உடம்பை நீயேதான் போய்க் கெடுத்துக்கிட்ட’ என்கிறார் கணவர். இந்த வலி என் கற்பனையா டாக்டர்? ஆபரேஷனே செய்திருக்கக் கூடாதோ?

- நெல்லை மாவட்ட வாசகி

பதில்: கற்பனை இல்லை, சகோதரி. சாப்பிட்டதும் வருகிறது, இடது பக்கம் பிடிக்கிறது, முதுகுக்குப் போகிறது, தானாக அடங்குகிறது, எடை நன்றாகக் குறைந்த பிறகு தொடங்கியிருக்கிறது. பைபாஸ் செய்துகொண்ட ஒருவர் இப்படிச் சொன்னால், கேஸ் என்று நினைப்பதற்கு முன் மருத்துவர் நினைக்க வேண்டிய பெயர் ஒன்று உண்டு: உள்குடலிறக்கம், அதாவது வயிற்றுக்குள்ளேயே ஒரு சந்தில் குடல் நுழைந்து மாட்டிக்கொள்வது. உங்களுக்கு அதுதான் என்று கடிதத்தை வைத்து நான் முடிவு கட்ட முடியாது. ஆனால் அது இல்லை என்று உறுதியாகும்வரை நீங்கள் விடக் கூடாது.

பைபாஸில் இரைப்பையின் மேல்பகுதியைச் சிறு பையாகப் பிரித்து, சிறுகுடலை வெட்டி மேலே கொண்டுவந்து அதோடு இணைக்கிறோம். குடலை விசிறிபோல விரிந்த ஒரு சவ்வு தாங்கிக்கொண்டிருக்கிறது. குடலுக்கான ரத்தக் குழாய்களும் அதன் வழியாகத்தான் போகின்றன. குடலை இடம் மாற்றித் தைக்கும்போது அந்தச் சவ்வை ஒட்டிச் சந்துகள் உண்டாகின்றன. அவற்றில் ஒன்றுக்கு, 1900-ல் அதை விவரித்த ஜெர்மன் அறுவை மருத்துவர் பீட்டர்சனின் பெயர் இன்றுவரை நிலைத்திருக்கிறது. ஆபரேஷனின்போதே இந்தச் சந்துகளைப் பெரும்பாலும் தையல் போட்டு மூடிவிடுவார்கள். ஆனால் அந்த நேரத்தில் சவ்வு முழுக்கக் கொழுப்பு. 38 கிலோ குறையும்போது அந்தக் கொழுப்பும்தான் கரைகிறது. மெலிந்த கையில் வளையல் கழல்வதுபோல, இறுக்கமாக இருந்த இடம் தொளதொளவென்று ஆகிவிடுகிறது. அந்த இடைவெளியில் குடல் நுழைந்தால் இழுத்துப் பிடித்து வலிக்கும். தானாக வெளியே வந்துவிட்டால் வலியும் போய்விடும்.

அதனால்தான் ஸ்கேன் நார்மல் என்று வருகிறது. மழை பெய்யும்போது ஒழுகுகிற ஓட்டை, வெயில் நாளில் கூரைமேல் ஏறித் தேடினால் அகப்படுமா? வலி இல்லாத நாளில் எடுத்த சி.டி.யும் அப்படித்தான். ரத்தப் பரிசோதனையும் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். குடல் அடைப்பு என்றாலே வாந்தி வரும் என்று நினைப்போம். பைபாஸ் செய்தவர்களில் சிலருக்கு, பைபாஸில் பிரிந்த குடலின் எந்தக் கிளையில் அடைப்பு என்பதைப் பொறுத்து, வாந்தியே இருக்காது.

என்னிடம் வந்த ஒரு பெண்மணி கையில் இரண்டு சி.டி. ரிப்போர்ட். இரண்டும் நார்மல். வலி வரும்போது என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். ‘தரையில மண்டியிட்டு, கைய ஊணி, மாடு மாதிரி நிப்பேன். அப்படியே கொஞ்ச நேரத்துல விடும்’ என்றார். அந்த ஒரு வரி எனக்கு இரண்டு ஸ்கேனைவிடப் பெரிதாகப் பட்டது. அடுத்த முறை வலியோடே வந்தார். அப்போது எடுத்த படத்தில் குடல்சவ்வின் ரத்தக் குழாய்கள் சுழித்துக்கொண்டு நின்றன. சிறு துளை வழியாகக் கேமரா விட்டுச் செய்யும் லேப்ராஸ்கோபியில் குடலை விடுவித்து, சந்தைத் தைத்து மூடினோம்.

ஆகவே முதல் வேலையாக, ஆபரேஷன் செய்த மருத்துவரிடமோ பைபாஸ் நோயாளிகளைத் தொடர்ந்து பார்க்கும் வேறொரு அறுவை மருத்துவரிடமோ போங்கள். ரிப்போர்ட் காகிதம் மட்டும் போதாது, ஸ்கேன் படங்கள் பதிந்த குறுந்தகட்டையும் டிஸ்சார்ஜ் சம்மரியையும் எடுத்துப் போங்கள். பழைய படத்தையே பைபாஸ் அமைப்பு தெரிந்த ஒருவர் மறுபடி பார்த்தால், முன்பு தப்பியது கண்ணில் படலாம். அடுத்த ஸ்கேன் தேவைப்பட்டால் அது வலியின்போது எடுப்பதாக இருக்கட்டும். பைபாஸ் ஆனவர் என்று ஸ்கேன் படத்தைப் பார்த்து ரிப்போர்ட் எழுதும் மருத்துவருக்குச் சீட்டிலேயே தெரிவிக்கச் சொல்லுங்கள். இதற்குப் பிறகும் சந்தேகம் தீராவிட்டால், லேப்ராஸ்கோப் விட்டு நேரடியாகப் பார்ப்பதுதான் வழி. ‘ஒன்றும் தெரியாமலே வயிற்றைத் திறப்பதா’ என்று பயப்படாதீர்கள். பைபாஸுக்குப் பிறகு விட்டுவிட்டு வரும் வலிக்கு, ஸ்கேன் நார்மலாக இருந்தாலும் அப்படிப் பார்ப்பது ஏற்கப்பட்ட மருத்துவ முறை.

ஒன்றை மட்டும் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிவையுங்கள். வலி 2 மணி நேரம் தாண்டியும் அடங்கவில்லை, தொடர்ந்து கூடுகிறது, வயிறு உப்புகிறது, வாந்தி நிற்கவில்லை, காய்ச்சல், நாடி படபடவென்று ஓடுகிறது, மலம் தார்போல் கறுப்பாகப் போகிறது: இவற்றில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். குடல் முறுக்கிக்கொண்டு ரத்த ஓட்டம் நின்றால் சில மணி நேரத்தில் அழுகிவிடும். இதைப் படிக்கும் வேறு யாராவது பைபாஸுக்குப் பிறகு கர்ப்பமாக இருந்தால், வயிற்று வலியைப் பிரசவ வலி, சூட்டு வலி என்று தள்ளிப்போடவே கூடாது.

இனி, நீங்கள் போடும் மாத்திரை. உங்கள் கடிதத்தில் எனக்கு அதிகக் கவலை தந்தது இதுதான். வீட்டில் இருக்கும் அட்டையைத் திருப்பிப் பின்பக்கத்தைப் படியுங்கள். ‘பாராசிட்டமால் 325 மி.கி.’ என்பதோடு ‘ஏசிக்ளோஃபெனாக் 100 மி.கி.’ என்றும் சின்ன எழுத்தில் இருக்கலாம். ஏசிக்ளோஃபெனாக், டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் வகை மாத்திரைகள் பைபாஸ் செய்தவருக்கு ஆகாதவை. இரைப்பைப் பையும் குடலும் சேரும் தையல் விளிம்பில் புண் உண்டாக்கும். அந்தப் புண் ஓட்டையாகவும் ஆகலாம். ஊசியாகப் போட்டாலும் இதே ஆபத்துதான். எண்டோஸ்கோபி நார்மல் என்றீர்கள். அதற்குப் பிறகு எத்தனை அட்டை தீர்ந்தது என்று மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள், மறுபடி பார்க்க வேண்டியிருக்கலாம். கல்லீரல் சரியாக இருந்தால் வெறும் பாராசிட்டமால் 650 மி.கி., நாளைக்கு 4-க்கு மேல் போகாமல், போதும். டிரமடால் என்ற வலுவான வலி மாத்திரையும் வேண்டாம். தொடர்ந்து எடுத்தால் மலச்சிக்கலைக் கூட்டி, நாளடைவில் குடல் வலியையே வளர்த்துவிடும். விட முடியாத பழக்கமாகவும் ஆகலாம்.

வீட்டிலேயே ஒன்று செய்து பாருங்கள். வலி இருக்கும்போது மல்லாந்து படுத்து, வலிக்கும் இடத்தை ஒரு விரலால் அழுத்திக்கொள்ளுங்கள். அப்படியே தலையையும் தோளையும் தரையிலிருந்து தூக்குங்கள். வலி கூடினால், அது வயிற்றின் தசைச் சுவரிலிருந்தோ அதில் மாட்டிய நரம்பிலிருந்தோ வர வாய்ப்பு அதிகம். குறைந்தால் உள்ளே இருந்து வருகிறது என்று பொருள். 1926-ல் கார்னெட் என்ற மருத்துவர் எழுதிய எளிய சோதனை இது. துளை போட்ட தழும்புக்கு அருகே விரல்நுனி அளவு இடத்தில் மட்டும் வலித்தால் அங்கே ஒரு மரத்துப்போகும் ஊசி போட்டுப் பார்க்கலாம். ஐந்து நிமிடத்தில் வலி விட்டால் காரணமும் தெரிந்துவிடும். ஆண்டுக்கணக்கில் ஸ்கேன் எடுத்துக்கொண்டே இருப்பவர்களில் சிலருக்கு இந்த ஒரு ஊசிதான் விடை.

வேறு காரணங்களும் உண்டு. எடை வேகமாகக் குறையும்போது பித்தப்பையில் கல் சேரும். அந்த வலி பெரும்பாலும் வலது பக்கம். பித்தக் கல் சி.டி.யில் தப்பலாம், அல்ட்ராசவுண்டில் தெரியும். உங்கள் அல்ட்ராசவுண்ட் எப்போது எடுத்தது? ஆறு மாதத்துக்கு முந்தையது என்றால் இன்னொன்று எடுங்கள். இரும்புச்சத்து மாத்திரையும் தண்ணீர் குறைவாகக் குடிப்பதும் தரும் மலச்சிக்கல் சாதாரணமானது, ஆனால் நன்றாகவே வலிக்கும். பாயசமோ ஜூஸோ குடித்து அரை மணிக்குள் வயிறு முறுக்கி, வியர்த்து, படபடத்தால் அது டம்பிங், அதாவது இனிப்பு மளமளவென்று குடலுக்குள் இறங்குவதால் வரும் தொல்லை.

இன்று முதல் ஒரு நோட்டு போடுங்கள். என்ன சாப்பிட்டீர்கள், எத்தனை நிமிடத்தில், வலி எப்போது தொடங்கியது, எந்த நிலையில் உட்கார்ந்தால் குறைந்தது, எப்போது அடங்கியது. ‘செவ்வாய், மதியம் 1:10, இரண்டு கரண்டி சோறு, சாம்பார், 12 நிமிடம். 1:45 வலி. குனிந்து உட்கார்ந்தேன். 3 மணிக்குப் போனது’ என்ற அளவு போதும். இரண்டு வாரம் எழுதிக் காட்டினால், ‘அடிக்கடி வலிக்குது டாக்டர்’ என்பதைவிட நூறு மடங்கு உதவும்.

எப்போதாவது ஒரு வாரம் வாந்தி நிற்காமல் ஆஸ்பத்திரியில் சேர்ந்தால், குளுக்கோஸ் பாட்டில் ஏற்றும் முன் தயமின், அதாவது வைட்டமின் பி1 ஊசி, போடச் சொல்லிக் கேளுங்கள். பி1 குறைந்த உடம்பில் வெறும் குளுக்கோஸ் ஏற்றினால் மூளை பாதிக்கப்படலாம். இரவுப் பணியில் இருப்பவருக்கு உங்கள் பைபாஸ் தெரியாமல் இருக்கலாம், நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

எல்லாம் பார்த்து, லேப்ராஸ்கோபியும் செய்து, காரணம் அகப்படாமல் போனால்? அப்படியும் சிலருக்கு ஆகிறது. அப்போதும் வலி நிஜம்தான். மாதக்கணக்கில் வலித்த வயிற்றின் நரம்புகள், சாதாரண அசைவையும் வலியாக மூளைக்குச் சொல்லப் பழகிவிடுகின்றன. இதற்கு வலி சிகிச்சை நிபுணர் குறைந்த அளவில் அமிட்ரிப்டிலின் போன்ற மாத்திரை தருவார். கூகுளில் தேடினால் மனச்சோர்வு மாத்திரை என்று வரும், பயந்து நிறுத்திவிடாதீர்கள். இங்கே அது நரம்பின் சத்தத்தைக் குறைக்கத் தரப்படுகிறது. மனநல ஆலோசகரிடம் அனுப்பினாலும் ‘நடிக்கிறாள் என்கிறார்கள்’ என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். வலிக்குமோ என்ற பயத்தில் சாப்பாட்டைக் குறைப்பதும் நடையை நிறுத்துவதும் வலியை இன்னும் இறுக்கிவிடும். அந்த முடிச்சை அவிழ்க்கத்தான் அவர்.

ஆபரேஷனே தப்போ என்று கேட்டீர்கள். நின்றுபோன இன்சுலின் உங்கள் கண்ணுக்கும் சிறுநீரகத்துக்கும் எவ்வளவு பெரிய நிம்மதி என்று எனக்குத் தெரியும். அந்த நன்மையும் உண்மை, இந்த வலியும் உண்மை. கணவரிடம் என் சார்பில் ஒன்று சொல்லுங்கள்: அடுத்த முறை அறுவை மருத்துவரைப் பார்க்கப் போகும்போது அவரும் கூட வரட்டும். குடல் எந்த வழியாகப் போய் எந்தச் சந்தில் மாட்டக்கூடும் என்று மருத்துவர் படம் போட்டுக் காட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்து அவரும் பார்க்கட்டும். நடு இரவில் வலி வந்தால் வண்டியை எடுக்கப் போகிறவர் அவர்தானே.