கூரை ஓடுகளை எண்ணினால் கட்டடத்தின் நீளம் கிடைக்கும்

கேள்வி: ஏற்காட்டில் இருக்கிறேன். சேலம் பக்கத்துப் பழைய கூட்ஸ் ஷெட் (ரயில் சரக்குக் கிடங்கு) ஒன்றை ரயில் மாடல்களுக்கான எச்.ஓ. அளவில் (1:87, அதாவது நிஜத்தில் 87-ல் ஒரு பங்கு) அட்டையில் மாடலாகக் கட்டினேன். கல் சுவர், சீமை ஓட்டுக் கூரை. சாலையில் நின்று எடுத்த போட்டோ மட்டும்தான் கையில் இருக்கிறது, அதனால் அளவெல்லாம் குத்துமதிப்பு. பெயின்ட் அடித்த மறுநாளே சுவர் வளைந்துவிட்டது. கூரையும் கோடு போட்ட அட்டை மாதிரி இருக்கிறது. எங்கே தப்பு?

பதில்: வளைவுக்குக் காரணம், பெயின்ட்டை ஒரு பக்கம் மட்டும் அடித்ததுதான். அட்டை தண்ணீரைக் குடித்து உப்பும். காயும்போது பெயின்ட் சுருங்கித் தன் பக்கம் இழுக்கும். ஏற்காட்டு மூடுபனியில் அட்டை ஏற்கெனவே ஈரம் ஏறித்தான் இருக்கும். அட்டைதான் வேண்டும் என்றால் வெட்டியவுடன் இரண்டு பக்கமும், வெட்டு ஓரங்களிலும் வார்னிஷ் பூசிக் காயவிட்டு, பிறகு பெயின்ட்டைத் தொடுங்கள். ஆனால் கல் சுவருக்கு 5 மி.மீ. சன் போர்டே (பி.வி.சி. நுரைப் பலகை) மேல். அது ஈரம் குடிக்காது. இன்னொரு காரணமும் உண்டு. பழைய கல் சுவர் ஒன்றரை அடி கனம் என்றால், 87-ல் வகுத்தால் 5.3 மி.மீ. வரும். ஜன்னல் ஓரத்தில் அந்தக் கனம் தெரியாவிட்டால் மற்ற வேலை எவ்வளவு நன்றாக இருந்தாலும் கட்டடம் டப்பாவாகத்தான் தெரியும்.

சன் போர்டை ஒரே அழுத்தில் வெட்டாதீர்கள், கத்தி சாய்ந்து மூலையில் சந்து விழும். லேசாக நாலைந்து இழுப்பு இழுங்கள். முன், பின் சுவர்கள் பக்கச் சுவர்களின் ஓரத்தை மூடுவதால், பக்கச் சுவரில் 10 மி.மீ. குறைக்க வேண்டும். 16 அடி அகலம் 56 மி.மீ. என்றால் பக்கச் சுவர் 46 மி.மீ. இதை மறந்தால் கடைசியில் கூரை உட்காராது. ஒட்ட ஃபெவிக்விக் போதும். தெர்மாகோல் நடுவில் வைத்த போர்டில் மட்டும் அதைத் தொடாதீர்கள், உள்ளே கரைந்துவிடும்.

இனி அளவு. சீமை ஓடு ஒன்று கூரையில் வெளியே தெரிவது ஏறக்குறைய 21 செ.மீ. அகலம், 32 செ.மீ. உயரம். போட்டோ கோணலாக இருந்தாலும் எண்ணிக்கை மாறாது. இறவாணத்தில் (கூரையின் கீழ் விளிம்பில்) 48 ஓடு எண்ணினால் கூரை சுமார் 10 மீட்டர். மாடலில் 116 மி.மீ. இரு பக்க நீட்டலைக் கழித்தால் சுவரின் நீளம். சரிவில் வரிசைகளை எண்ணி 3.7 மி.மீ.யால் (32 செ.மீ.யை 87-ல் வகுத்தது) பெருக்கினால் சரிவு நீளம். 11 வரிசை என்றால் 41 மி.மீ. இந்தக் கணக்கு ஓரிரு மி.மீ. முன்னே பின்னே இருக்கலாம், கண்ணுக்குத் தெரியாது. சரிபார்க்கக் கதவைப் பாருங்கள்: 7 அடிக் கதவு 24.5 மி.மீ. வர வேண்டும்.

கூரைக்கு அடியில் 1 மி.மீ. மவுண்ட் போர்டு, உள்ளே 30 மி.மீ.க்கு ஒரு முக்கோணத் தாங்கி. தாங்கி இல்லாத கூரை ஒரே மழைக்காலத்தில் நடுவில் தொங்கிவிடும். அதன்மேல் 3.7 மி.மீ. இடைவெளியில் பென்சில் கோடு போடுங்கள். 200 ஜி.எஸ்.எம். ஐவரி ஷீட்டில் 5 மி.மீ. பட்டைகள் வெட்டுங்கள். 300 ஜி.எஸ்.எம். வேண்டாம், ஓடு பலகை மாதிரி தடித்துவிடும். பட்டையைக் கவிழ்த்து ரப்பர் ஷீட்டின் மேல் வைத்து, மை தீர்ந்த பால் பாயின்ட் பேனாவால் 2.4 மி.மீ.க்கு (மாடலில் ஓர் ஓட்டின் அகலம்) ஒரு கோடு அழுத்துங்கள். திருப்பினால் ஓட்டின் முகடு மெல்லிய வரம்பாக எழுந்து நிற்கும். வெளிச்சம் பட்டவுடன் நிழல் விழுவது அந்த வரம்பால்தான். கோடுகளைக் கம்ப்யூட்டரில் வரைந்து பிரின்ட் எடுப்பதானால், பக்கத்துக்குப் பொருத்தும் (ஃபிட் டு பேஜ்) வசதியை அணைத்துவிட்டு, தாளில் 100 மி.மீ. கோடு ஒன்றும் சேர்த்து அளந்து பாருங்கள். பிரின்டர் சற்றுச் சுருக்கினாலும் 48 ஓட்டில் அது பெரிதாகிவிடும்.

இறவாணத்தில் தொடங்குங்கள். முதல் வரிசைக்கு அடியில் 1 மி.மீ. அகலப் பட்டை ஒன்றை ஒட்டினால்தான் அந்த வரிசையும் மற்றவை போலச் சாய்ந்து நிற்கும். பலரும் இதை விட்டுவிடுவார்கள், அதனால் கூரையின் விளிம்பு மட்டும் தட்டையாகத் தெரியும். ஒட்ட ரப்பர் பசையை மெல்லியதாகத் தேயுங்கள். தண்ணீர் சேர்ந்த வெள்ளைப் பசையில் பட்டை நீண்டு, மேல் வரிசையும் கீழ் வரிசையும் நேர் சேராது. வரம்புகள் நேராக ஏறுகின்றனவா, ஒன்றுவிட்டு ஒன்று தள்ளி நிற்கின்றனவா என்பதை உங்கள் போட்டோவைப் பார்த்து அப்படியே செய்யுங்கள். இரண்டு சரிவுக்கும் சேர்த்து 22 பட்டை, ஆயிரத்துச் சொச்சம் ஓடு. நிதானமாகச் செய்தால் இரண்டு மாலை போதும்.

கல்லுக்கு, சன் போர்டில் மழுங்கிய ஊசியால் கீறி, மூலையைத் தாண்டி அடுத்த சுவருக்கும் கோடுகளைத் தொடருங்கள். நிறம் நீலம் கலந்த கருஞ்சாம்பல், இடையிடையே பழுப்பு. சேர்வராயன் மலையின் சார்னோகைட் கல் அப்படித்தான் இருக்கும்.

கடைசியாகக் கூரையின் வண்ணம். உங்கள் வீட்டு ஜன்னலிலிருந்து தெரியும் ஏற்காட்டுக் கூரையைப் பார்த்துப் பூசிவிடாதீர்கள். அங்கே பாசி கரும்பச்சையாகப் படியும். அடிவாரத்து வெயிலில் ஓடு வெளிறி, மேல் வரிசைகள் புழுதி நிறமாகிவிடும். செங்காவி பூசிக் காய்ந்தபின், ஏறக்குறைய உலர்ந்த பிரஷில் வெளிர் பழுப்பை எடுத்து மேலிருந்து கீழாக இழுங்கள். பத்துக்கு ஒரு ஓட்டை மட்டும் புதுச் சிவப்பில் தொட்டுவிடுங்கள். உடைந்ததை மாற்றிய ஓடு அது.