கியூபாவில் பிறந்த பேஸ்பால் பிட்சர்களில் (பந்து வீச்சாளர்களில்) உங்களுக்கு மிகவும் பிடித்தவர் யார், ஏன்?

லூயிஸ் டியான்ட். வேகம்தான் கணக்கு என்பவர்கள் 2010இல் மணிக்கு 105 மைலுக்கு மேல் வீசிய அரோல்டிஸ் சாப்மனைச் சொல்வார்கள். சொல்லட்டும்.

டியான்ட் 1940இல் ஹவானாவை ஒட்டிய மரியானாவோவில் பிறந்தார். அப்பா பெயரும் லூயிஸ் டியான்ட்தான். அவரும் பிட்சர், இடதுகைக்காரர். அமெரிக்காவின் உயர்மட்டப் போட்டியான மேஜர் லீக் கறுப்பினத்தவரைச் சேர்த்துக்கொள்ளாத காலம் என்பதால் அங்கே கறுப்பினத்தவருக்கான நீக்ரோ லீக்குகளில், நியூயார்க் கியூபன்ஸ் அணிக்கு ஆடினார். 1947இல் ஜாக்கி ராபின்சன் என்ற கறுப்பின வீரர் அந்தத் தடையை உடைத்தபோது பெரியவருக்கு வயது நாற்பதை எட்டிவிட்டது. அங்கே பட்ட அவமானம் போதும் என்று மகன் பேஸ்பால் பக்கம் போவதையே அவர் விரும்பவில்லை. அம்மாதான் பேசிச் சம்மதிக்க வைத்தார்.

1961இல் மகன் மெக்சிகோவில் ஆடிக்கொண்டிருந்தார். திருமணமும் அங்கேதான் நடந்தது. அதே ஆண்டு காஸ்ட்ரோ அரசு தொழில்முறை பேஸ்பாலை ஒழித்தது. இங்கே உனக்கு எதிர்காலம் இல்லை, திரும்பி வராதே என்று அப்பாவே சொல்லிவிட்டார். ஒரே பிள்ளை. அதன்பிறகு அப்பாவை அவர் பார்க்கப் பதினான்கு ஆண்டுகள் ஆயின.

1964இல் கிளீவ்லண்ட் அணிக்கு முதல் ஆட்டம், அதுவும் யாங்கி ஸ்டேடியத்தில். யாங்கிஸின் நட்சத்திர பிட்சர் வைட்டி ஃபோர்டை எதிர்த்து ஒரு ரன்கூடக் கொடுக்காமல் 3-0 என்று ஜெயித்தார். 1968இல் 21 வெற்றிகள், ஒன்பது ஷட்அவுட் (எதிரணிக்கு ரன்னே கொடுக்காமல் முழு ஆட்டத்தையும் தானே வீசி முடிப்பது), ஈஆர்ஏ 1.60. ஈஆர்ஏ என்பது, ஃபீல்டர்களின் பிழையால் வந்தவை நீங்கலாக, ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக எத்தனை ரன் கொடுத்தார் என்ற கணக்கு; இரண்டுக்குக் கீழே வந்தாலே அபாரம்.

அப்புறம் சரிவு. 1969இல் இருபது தோல்விகள். 1970இல் மினசோட்டாவில் தோள்பட்டை எலும்பில் விரிசல். 1971 வசந்தத்தில் அணியே கழற்றிவிட்டது. முப்பது வயதில் மைனர் லீக்குக்கு இறங்கினார். பாஸ்டன் ரெட் சாக்ஸ் எடுத்துக்கொண்டு அந்த ஆண்டு கண்டது ஒரு வெற்றி, ஏழு தோல்வி. இன்றைய நிர்வாகம் என்றால் அத்தோடு மூட்டை கட்டச் சொல்லியிருக்கும். மறு ஆண்டே 1.91 ஈஆர்ஏவுடன், மேஜர் லீக்கின் இரண்டு பிரிவுகளில் ஒன்றான அமெரிக்கன் லீக்கில் முதலிடம்!

அவர் வீசும் விதத்தைப் பார்க்க வேண்டும். பேட்டருக்கு முழு முதுகையும் காட்டித் திரும்பி, சென்டர் ஃபீல்டையும் வானத்தையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, சட்டென்று சுழன்று வீசுவார். பந்து எந்தக் கோணத்தில் கையை விட்டு வரும் என்று பேட்டருக்குப் பிடிபடாது. முதல் பார்வைக்குக் கோமாளித்தனம் போல இருக்கும், ஆனால் அதில் வீணான அசைவு எதுவும் இல்லை.

1975க்கு வருகிறேன். செனட்டர் எட்வர்ட் புரூக் எழுதிய கடிதத்தை, கியூபா சென்ற செனட்டர் ஜார்ஜ் மெக்கவர்ன் காஸ்ட்ரோவிடம் கொடுத்தார். டியான்டின் பெற்றோருக்கு அனுமதி கிடைத்தது. ஆகஸ்டில் பாஸ்டன் வந்து சேர்ந்தார்கள். சில நாளில் ரெட் சாக்ஸின் மைதானமான ஃபென்வே பார்க்கில் பெரியவரைச் சம்பிரதாய முதல் பந்து வீச அழைத்தார்கள். வீசிய பந்து சரியாக விழவில்லை. அவர் விடவில்லை, பந்தைத் திருப்பிக் கேட்டு வாங்கி மறுபடி வீசினார். இந்த முறை கச்சிதமான ஸ்டிரைக், அதாவது சரியான எல்லைக்குள் விழுந்த பந்து. மேஜர் லீக்கில் அவருக்குக் கிடைத்தது அந்த இரண்டு சம்பிரதாயப் பந்துகள் மட்டும்தான் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம்தான் வருகிறது.

அக்டோபரில் சின்சினாட்டி ரெட்ஸுக்கு எதிரான உலகத் தொடர், அதாவது மேஜர் லீக்கின் இறுதிப் போட்டி. முதல் ஆட்டத்தில் 6-0 ஷட்அவுட். அமெரிக்கன் லீக்கில் பிட்சர்கள் பேட் பிடிப்பதையே 1973 முதல் நிறுத்தியிருந்தார்கள். ஆனாலும் அன்று அவரே அடித்து ஓடி முதல் ரன்னை எடுத்தார், அதிலும் ரன் கணக்காக மிதிக்க வேண்டிய ஹோம் பிளேட்டை மிதிக்கத் தவறி, திரும்பி வந்து மிதித்தார்! நான்காவது ஆட்டம் நேர்மாறு. பாஸ்டன் ஜெயித்தது வெறும் 5-4 என்று, ரெட்ஸ் ஓயாமல் ஆட்களை பேஸில் ஏற்றிக்கொண்டே இருந்தது. 150க்கும் மேற்பட்ட பந்துகளை வீசி ஒன்பது இன்னிங்ஸையும் அவரே முடித்தார். தொடரை என்னவோ ஏழாவது ஆட்டத்தில் ரெட்ஸ் தட்டிச் சென்றது.

1976 டிசம்பரில் அப்பாவும் அம்மாவும் சில நாள் இடைவெளியில் இறந்தார்கள். டியான்ட் 1982 வரை ஆடினார்: 229 வெற்றிகள், 2,416 ஸ்டிரைக்அவுட்டுகள் (பேட்டரை மூன்று ஸ்டிரைக்கில் வெளியேற்றுவது). 2007இல்தான், 46 ஆண்டுகளுக்குப் பிறகு, மறுபடி கியூபா மண்ணை மிதித்தார்.

பேஸ்பால் ஜாம்பவான்களுக்கான ஹால் ஆஃப் ஃபேம் கௌரவம்? கிடைக்கவில்லை. 224 வெற்றிகளும் ஏறக்குறைய இதே ஈஆர்ஏவும் கொண்ட அதே காலத்து பிட்சர் கேட்ஃபிஷ் ஹன்டர் 1987இல் உள்ளே போனார். அடுத்த ஆண்டு பட்டியலுக்கு வந்த டியான்டுக்குத் தேவைப்பட்டது 75 சதவீத வாக்கு, கிடைத்தது சுமார் 31. அதற்குப் பிறகு அந்த அளவுகூட வரவில்லை. 2024 அக்டோபரில் 83 வயதில் காலமானார். அந்த டிசம்பரில் மூத்த வீரர்களுக்கான குழு மறுபடி அவர் பெயரைப் பரிசீலித்து, டேவ் பார்க்கரையும் டிக் ஆலனையும் தேர்வு செய்தது.

அவர் ஆட்டத்தைப் பார்க்க ஆசைப்பட்டால் 1975இன் நான்காவது ஆட்டத்திலிருந்து தொடங்குங்கள். ஷட்அவுட்டை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.