ஜமைக்கா பாட்டிக்குத் தலை வாரிவிடுவது எப்படி?

தங்கச்சி, லண்டனில் ஒரு கேர் ஹோமில் (முதியோர் இல்லத்தில்) புதிதாகச் சேர்ந்திருப்பதாகவும், ஜமைக்காக்காரப் பாட்டி ஒருவரின் சுருள்முடியில் சீப்பே இறங்கவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். தேங்காய் எண்ணெய் வைத்து தினமும் வாரிவிடலாமா என்று கேட்டீர்கள். வேண்டாம்மா. தெற்கு லண்டனில் இதே வேலையில் பல வருஷமாக இருப்பதால் சொல்கிறேன், நம் தலைக்கு ஒத்துவருவது அந்தத் தலைக்கு ஒத்துவராது.

அந்தப் பாட்டியைப் போன்ற கறுப்பினத்தவரின் முடி வேரிலிருந்தே சுருண்டு வளரும். தலையில் ஊறும் எண்ணெய்ப்பசை நமக்கு நுனிவரை இறங்கிவிடும். அவர்களுக்குச் சுருள்களைத் தாண்டி இறங்காது. அதனால் நுனி எப்போதும் வறண்டே கிடக்கும். காய்ந்த முடியில் சீப்பைப் போட்டு இழுத்தால், சுருள் வளைகிற இடத்திலேயே அறுந்துவிடும். பார்க்க முரடாகத் தெரிந்தாலும் நம் முடியைவிட எளிதில் உடையக்கூடியது. எண்ணெய் ஈரத்தைத் தராது, இருக்கிற ஈரத்தைக் காக்கும். ஆகவே முதலில் தண்ணீர், அப்புறம்தான் எண்ணெய்.

வாரம் பத்து நாளைக்கு ஒருமுறை தலைக்கு ஊற்றினால் போதும். முடியை நான்காகப் பிரித்து கிளிப் போடுங்கள். ஷாம்பூவை விரல் நுனியால் தலைத்தோலில் மட்டும் தேய்த்து அலசுங்கள். பிறகு கண்டிஷனரைத் தாராளமாகப் பூசி, அது வழவழவென்று இருக்கும்போதே ஒரு பகுதியை அவிழ்த்து, வேர்ப்பக்கத்தை ஒரு கையால் இறுகப் பிடித்துக்கொள்ளுங்கள், தோல் இழுபடாது. பல் அகலமான சீப்பால் நுனியில் இரண்டு அங்குலம் சிக்கெடுங்கள். அது விட்டதும் கொஞ்சம் மேலே, பிறகு இன்னும் மேலே. முடிந்த பகுதியைத் தளர்வாக முறுக்கிவிட்டு அடுத்ததை எடுங்கள். அலசிய பின் துண்டால் தேய்க்காமல் பழைய பனியன் துணியால் ஒற்றி, ஈரத்தோடேயே ஷியா பட்டர் (ஷியா மரத்தின் கொட்டையிலிருந்து எடுக்கும் கொழுப்பு) கொஞ்சம் தடவுங்கள். தெற்கு லண்டனில் பெக்கம், பிரிக்ஸ்டன் பகுதிக் கடைகளில் கிடைக்கும். காய்ந்ததும் முடி பாதியாகச் சுருங்கிவிடும், பயப்படாதீர்கள்.

நெற்றியோரம் மட்டும் இறுக்கிப் பின்னவே கூடாது. அந்த ஓரம் கொட்டிப்போனால் திரும்ப முளைக்காமலே போகலாம்.

ஹோமுக்கு வரும் சிகையலங்காரக்காரர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடாதீர்கள். இந்த முடியை பிரிட்டனின் சிகையலங்காரத் தொழில் தரநிலைகளில் எல்லோருக்கும் பொதுவாகச் சேர்த்ததே 2021-இல்தான். அதற்கு முன் பலர் இதைக் கற்காமலேயே தேர்ச்சி பெற்று வந்துவிட்டார்கள். முடியை எப்படிப் பராமரிப்பது வழக்கம் என்று பாட்டியிடமே கேளுங்கள். அவருக்கு நினைவு தப்புகிறதென்றால் மகளிடம் கேளுங்கள். எப்படியானாலும் பாட்டியின் அனுமதியில்லாமல் முடியில் கை வைக்காதீர்கள். கண்டவர்களும் வந்து தொட்டுப் பார்க்கும் அவமதிப்பைக் கறுப்பினப் பெண்கள் நிறையவே பட்டிருக்கிறார்கள்.

இரவில் சாட்டின் தொப்பி போட்டுவிடுங்கள். பருத்தித் தலையணை உறை ஈரத்தை உறிஞ்சிவிடும். நைட் ஷிஃப்ட் ஆட்களுக்கும் இதைச் சொல்லிவையுங்கள். கேர் பிளானில் (பாட்டிக்கு என்னென்ன செய்ய வேண்டும் என்று ஹோம் எழுதி வைக்கும் திட்டத்தில்) வெறுமனே 'தலைமுடி பராமரிப்பு' என்று இருந்தால் யாரும் நேரம் ஒதுக்க மாட்டார்கள். 'வியாழன் காலை, ஒன்றரை மணி நேரம்' என்று மேனேஜரிடம் சொல்லி எழுத வையுங்கள்.