அந்த நோட்டு யாருடையது?

கேள்வி: அரசு மருத்துவமனையில் பொது மருத்துவப் பிரிவில் உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். மாலை இன்சுலின் போட்டபின் சாப்பாடு தாமதமாகி, சர்க்கரை இறங்கிவிடும் நோயாளிகளைப் பற்றி ஓர் ஆய்வு தொடங்கியிருக்கிறேன். நைட் டூட்டி சிஸ்டர் ஒருவர் நோட்டின் கடைசிப் பக்கத்தில் பெட் நம்பர், ஊசி நேரம், சாப்பிட்ட நேரம் என்று கோடு போட்டு எழுதியிருந்ததைப் பார்த்துத் தோன்றிய யோசனை. இதுவரை 26 பேர். சனிக்கிழமை துறைக் கூட்டத்தில் பேசச் சொல்கிறார் சீஃப். என் ஐடியாவை யாராவது எடுத்துக்கொண்டால்? முடியும்வரை சொல்லாமல் இருக்கலாமா?

பதில்: கூட்டத்தைப் பற்றி அப்புறம் பேசுவோம். அந்த சிஸ்டரை ஒரே வரியில் சொல்லிவிட்டு அடுத்த வரியிலேயே ‘என் ஐடியா’ என்கிறீர்களே, அது எப்படி உங்களுடையது ஆனது?

என் அப்பா அப்படி ஒரு வார்டில் கிடந்தார். ஊசி போட்டதும் இட்லி வாங்க வெளியே ஓடினேன், கடையில் கூட்டம், திரும்பி வர ஒன்றரை மணி நேரம். அதற்குள் வியர்த்துக் கொட்டி, கை நடுங்கி, என்னைத் தெரியாமல் பார்த்தார். குளுக்கோஸ் கரைத்து வாயில் ஊற்றிக்கொண்டிருந்தது ஒரு சிஸ்டர்தான். அறுபது எழுபது பேரைப் பார்த்துக்கொண்டு, வீட்டில் பிள்ளைகளை யாரிடமோ விட்டுவிட்டு வந்த ஒருத்தி, அதற்கும் மேல் உட்கார்ந்து கோடு போட்டு எழுதியிருக்கிறாள் என்றால் அது சும்மா எழுதியது இல்லை. சமைத்தவளை அடுக்களையிலேயே நிறுத்திவிட்டுப் பந்தியில் பேர் வாங்குவது வீட்டிலும் தப்பு, ஆஸ்பத்திரியிலும் தப்பு. மற்றவர்கள் உங்களுக்குச் செய்துவிடுவார்களோ என்று நீங்கள் பயப்படுவதை அவருக்கு நீங்கள் ஏற்கெனவே பாதி செய்துவிட்டீர்கள்.

இன்னொன்று. நீங்கள் மூடி வைத்திருக்கும் ஒவ்வொரு இரவும் யாரோ ஒருவருக்குச் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்குகிறது. வியன்னாவில் செம்மல்வைஸ் என்ற டாக்டர் 1847-இல் மருத்துவர்களைக் கைகழுவ வைத்துப் பிரசவக் காய்ச்சல் சாவுகளைக் குறைத்தார், ஆனால் அதை முழுப் புத்தகமாக எழுதியது 1861-இல். நடுவில் எத்தனை தாய்மார்? சாப்பாட்டுத் தட்டு கைக்கு வந்தபிறகு ஊசி போடுங்கள் என்று சொல்ல 26 பேரே போதும், அதற்கு ஆய்வு முடியவேண்டியதில்லை.

கூட்டத்தில் பேசுங்கள். முந்தின நாளே ஒரு பக்கத்தில் எழுதித் தேதி போட்டு சீஃபுக்கும் எல்லோருக்கும் மெயில் அனுப்பிவிட்டால் யாருடையது என்ற சண்டைக்கே இடமில்லை. நோயாளிகளின் பெயரை எடுத்துவிடுங்கள். இது ஆரம்பக் கணக்கு என்று வாய்விட்டுச் சொல்லுங்கள், ஓட்டை இருந்தால் சீனியர்கள் அங்கேயே காட்டட்டும், பிறகு ஓராண்டு உழைத்துவிட்டுத் தெரிந்துகொள்வதைவிட அது மேல். நோயாளிகளை வைத்து நடத்தும் ஆய்வு முறையானதுதானா என்று பார்க்கும் எத்திக்ஸ் கமிட்டியின் அனுமதி வாங்கியதாகக் கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லை. வாங்கவில்லை என்றால் 27-ஆவது பெயரை எழுதாதீர்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) 2017 நெறிமுறைப்படி ஆய்வைத் தொடங்கும் முன்பே அது கையில் இருக்கவேண்டும்.

அந்த அனுமதிக்கான விண்ணப்பத்தில் சிஸ்டர் பெயரும் இருக்கட்டும். ஆய்வின் யோசனையிலோ தகவல் திரட்டுவதிலோ பெரும்பங்கு உள்ளவருக்குக் கட்டுரையைத் திருத்தவும் ஒப்புதல் தரவும் வாய்ப்புக் கொடுக்கவேண்டும் என்று சர்வதேச மருத்துவ இதழாசிரியர் குழுவின் விதியே சொல்கிறது. கடைசியில் ‘நன்றி’ என்று ஒரு வரி போட்டு முடித்துவிடாதீர்கள்.

சனிக்கிழமை அவரையும் கூப்பிடுங்கள். நைட் முடித்து வந்திருப்பார், அவரை முதலில் பேசவிட்டு வீட்டுக்கு அனுப்புங்கள்.